இரவில் பன்றி சுட எந்த ஸ்கோப்? முதலில் எந்தக் கருவி என்று முடிவு செய்யுங்கள்

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீங்கள் டாலஸ் பக்கம் எச்-1பி விசாவில் வேலை செய்கிறீர்கள். உடன் வேலை செய்பவரின் குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே பண்ணை இருக்கிறது, அங்கே காட்டுப்பன்றித் தொல்லை. இரவில் அவர்களோடு போக ஆசை. .308 அளவுத் தோட்டா போடும் ரைபிள் அவர்களுடையது. நீங்கள் ஒரு ஸ்கோப்பும் (துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி), அதோடு சேர்த்து மாட்ட ஒரு இரவுநோக்குக் கருவியும் வாங்க நினைக்கிறீர்கள். 5-25×56 (5 முதல் 25 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 56 மி.மீ.) ஸ்கோப் ஒன்று தள்ளுபடியில் வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய ஸ்கோப் வாங்கினால் இருட்டில் கூடுதலாகத் தெரியுமா என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. கருவியை ஸ்கோப்புக்கு முன்னால் மாட்டுவதானால், தெரியாது. பின்னால் மாட்டுவதானால் ஓரளவு தெரியும், ஆனால் அங்கேயும் 25 மடங்கு பெரிதாக்கத்தால் பயன் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். தொழிலில் நான் ஒளியியல் பொறியாளர். மத்திய டெக்சஸில் தெரிந்தவர்களின் பண்ணைகளுக்குப் பல வருடங்களாகப் பன்றி சுடப் போய்வருகிறேன். கீழே வரும் கணக்குகள் முதல் தொழிலில் இருந்து, மற்றவை இரண்டாவதில் இருந்து.

பகல் ஸ்கோப்போடு சேரும் கருவிகள் இரண்டு வகை. ஒன்று, ஸ்கோப்பின் முன்கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் கிளிப்-ஆன். இது வெப்பத்தைப் பார்க்கும் தெர்மலாகவும் இருக்கலாம், இருக்கும் சொற்ப வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் ஒளிபெருக்கிக் குழாய் உள்ளதாகவும் இருக்கலாம். இன்னொன்று, நாம் கண் வைக்கும் பக்கத்தில், ஸ்கோப்பின் பின்முனையில் கவ்விப் பொருத்தும் டிஜிட்டல் கேமரா. ஸ்கோப்பிடம் இந்த இரண்டும் எதிர்பார்ப்பது கிட்டத்தட்ட நேரெதிர். அதனால் ஸ்கோப்பை முதலில் வாங்கிவிட்டுக் கருவியைத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். கருவியை முடிவு செய்துவிட்டு ஸ்கோப்புக்கு வாருங்கள்.

முன்னால் மாட்டும் தெர்மலை எடுத்துக்கொள்வோம், உங்கள் விருப்பமும் அதுதானே. அது வெப்பத்தைப் படமாக்கி உள்ளே ஒரு சின்னத் திரையில் காட்டுகிறது. திரைக்குப் பின்னால் உள்ள லென்ஸ் அந்தப் படத்தை வெகுதொலைவில் இருந்து வருவது போல ஆக்கி ஸ்கோப்புக்குள் அனுப்புகிறது. ஆக, உங்கள் ஸ்கோப் பன்றியைப் பார்ப்பதே இல்லை. ஒரு திரையைப் பார்க்கிறது. 56 மி.மீ. கண்ணாடி நிலவொளியை எவ்வளவு அள்ளினாலும் இங்கே பொருட்டில்லை. வெளிச்சம் போதவில்லை என்றால் திரையின் பிரகாசத்தைக் கூட்டினால் போதும்.

பெரிதாக்கத்துக்கு வருவோம். இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் நல்ல சென்சார் 640×512 பிக்சல், ஒவ்வொரு பிக்சலும் 12 மைக்ரான். முன்னால் 50 மி.மீ. குவியத் தூர லென்ஸ் என்று வைத்துக்கொண்டால், ஒரு பிக்சல் பிடிக்கும் கோணம் 12 மைக்ரானை 50 மி.மீ.யால் வகுத்தது, அதாவது 0.24 மில்லிரேடியன் (1 மில்லிரேடியன் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ. பிடிக்கும் கோணம்). 100 மீட்டரில் அது 2.4 செ.மீ., 200 மீட்டரில் 4.8 செ.மீ. அதைவிடச் சின்னதாக எதையும் அந்தக் கருவி பார்க்கவில்லை. பார்க்காததை ஸ்கோப் காட்ட முடியாது. நல்ல கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ 0.3 மில்லிரேடியன். ஸ்கோப்பை 3 மடங்கில் வைத்தால் ஒரு பிக்சல் கண்ணுக்கு 0.72 மில்லிரேடியனாகத் தெரியும். படம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தாலும் பன்றி பன்றியாக இருக்கும். 6 மடங்கில் 1.44, கட்டங்கள் தெரிய ஆரம்பிக்கும். 10 மடங்குக்கு மேல் போனால் பன்றி கட்டம் போட்ட கம்பளிப் போர்வை மாதிரி ஆகிவிடும். உங்கள் 5-25 ஸ்கோப்பை 25-இல் வைத்தால், பார்வையின் அகலம் முழுவதும் சேர்ந்தே 1 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் வருவது சென்சாரின் 640 பிக்சல்களில் சுமார் 70 மட்டும். மீதிக்குக் கொடுத்த பணம் திரையின் ஓரங்களில் வீணாகக் கிடக்கும்.

ஆகவே முன்னால் மாட்டும் தெர்மலுக்கு ஸ்கோப்பின் மேல் எண்ணை மறந்துவிட்டுக் கீழ் எண்ணைப் பாருங்கள். 2, 2.5 அல்லது 3-இல் தொடங்க வேண்டும். 5-இல் தொடங்கும் ஸ்கோப்பில் பார்வை அகலம் ஆரம்பத்திலேயே 4.5 டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பன்றிகள் கூட்டமாக வரும். முதல் சத்தத்துக்கு எல்லாம் சிதறி ஓடும். அந்தக் குறுகிய துளைக்குள் அடுத்ததைத் தேடுவது எரிச்சலான வேலை. மறுபக்கம், ரொம்பக் கீழே போவதிலும் லாபம் இல்லை. 1-6×24 மாதிரி ஸ்கோப்பை 1-இல் வைத்தால் அது 20 டிகிரி அளவுக்குப் பார்க்கும். மேலே சொன்ன கருவி காட்டுவதோ 9 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. சுற்றிலும் கறுப்பு, நடுவில் சின்னதாக ஒரு சன்னல் தெரியும். அதே ஸ்கோப்பை 3-இல் வைத்தால் ஒழுங்காக நிரம்பும். கையில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். புதிதாக வாங்குவதானால் 2.5-10×42 அல்லது சாதாரண 3-9×40 என் தேர்வு. ஒளிபெருக்கிக் குழாய் உள்ள கிளிப்-ஆனுக்கு இந்த எல்லை சற்றுத் தளர்வு. நல்ல மூன்றாம் தலைமுறைக் குழாய் ஒரு மி.மீ.க்கு 64 கோட்டு இணைகள் (அடுத்தடுத்த கறுப்பு-வெள்ளைக் கோடுகள்) அளவுக்குப் பிரிக்கும். அதன் பின்னால் 8, 10 மடங்கு வரை போகலாம். அந்த வகையை நான் பிறருடைய துப்பாக்கியில்தான் பார்த்திருக்கிறேன், சொந்தமாக வைத்துப் பழகியதில்லை. அதனால் தெர்மலைப் பற்றிச் சொல்வதை மட்டும் முழு உறுதியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பேரலாக்ஸ், அதாவது கண் சற்று நகர்ந்தால் ஸ்கோப்பின் குறியும் இலக்கின்மேல் நகர்வது போலத் தெரியும் பிழை. பக்கவாட்டில் ஃபோகஸ் குமிழ் உள்ள ஸ்கோப் அவசியமா என்று கேட்டிருந்தீர்கள். முன்னால் மாட்டும் கருவிக்கு அவசியம் இல்லை. திரை எப்போதும் ஒரே 'தூரத்தில்' இருக்கிறது. பன்றி 50 மீட்டரில் நின்றாலும் 200-இல் நின்றாலும் ஸ்கோப்புக்கு அது ஒன்றுதான். தூரத்துக்குத் தகுந்த ஃபோகஸைக் கிளிப்-ஆனின் சொந்த வளையத்தில் செய்ய வேண்டும். குமிழ் இருந்தால், திரையின் பிக்சல்கள் துல்லியமாகத் தெரியும் இடத்தில் ஒருமுறை நிறுத்திவிட்டு அப்புறம் தொடாதீர்கள். அதில் எழுதியிருக்கும் கஜ அளவுக்கு அந்த நேரத்தில் எந்த அர்த்தமும் இல்லை. குமிழே இல்லாத, 100 கஜத்துக்கு ஆலையிலேயே அமைத்த ஸ்கோப்பும் நன்றாகவே வேலை செய்கிறது.

சீரோ, அதாவது ஸ்கோப்பின் குறியும் தோட்டா படும் இடமும் ஒன்றாக இருக்கும்படி செய்த அமைப்பு, மாறுமா என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கழற்றிக் கழற்றி மாட்டும் ஒரு பொருளை நம்பி எப்படிக் குறிவைப்பது என்பது நியாயமான சந்தேகம். இங்கே ஒளியியல் நமக்குச் சாதகமாக இருக்கிறது. கருவி சரியாக 1 மடங்காகவும், படம் நிமிர்ந்ததாகவும், வெளிவரும் ஒளி இணையாகவும் இருந்தால், அதைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினாலும் பன்றி இருக்கும் திசை மாறாது. கருவி எவ்வளவு சாய்ந்ததோ, படம் திரையில் அதே அளவு எதிர்ப்பக்கம் நகர்ந்து ஈடுகட்டிவிடும். மேலே கீழே சில மி.மீ. விலகி நின்றாலும் அப்படித்தான். தப்பு வருவது கருவிக்குள் திரையும் லென்ஸும் சரியாக ஒழுங்குபடுத்தப்படாதபோது. அந்தத் தப்பு நீங்கள் எப்படி மாட்டினாலும் கூடவே வரும். பல கருவிகளில் அதைத் திருத்த மெனு உண்டு. ஆகவே முறை இது: பகலில் கருவி இல்லாமல் 100 கஜத்தில் ஸ்கோப்பைச் சீரோ செய்யுங்கள். அப்புறம் கருவியை மாட்டி, அட்டையில் கைச்சூட்டுப் பை ஒன்றை ஒட்டி அதைச் சுட்டுப் பாருங்கள். விலகல் இருந்தால் கருவியின் மெனுவில் திருத்துங்கள், ஸ்கோப்பின் திருகுகளைத் தொடாதீர்கள். கழற்றி மாட்டி மறுபடி சுடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் பட்டால் அது மவுண்ட்டின் (கருவியை மாட்டும் பிடியின்) கோளாறு.

மவுண்ட் என்றதும் ஒரு விஷயம். பண்ணைக்காரரின் .308 சாதாரண போல்ட் ரைபிள் என்றால் முன்னால் ரெயில் (கருவிகளை மாட்டும் பட்டை) இருக்காது. கருவியை ஸ்கோப்பின் முன்வாயில் வளைய அடாப்டர் போட்டுத்தான் தொங்கவிட வேண்டும். கருவியின் எடை அரைக் கிலோவுக்குப் பக்கம் இருக்கும். அதை ஸ்கோப்பின் நுனியில் தொங்கவிட்டு .308-இன் உதையைக் கொடுத்தால், ஸ்கோப்பை ரைபிளோடு கவ்வும் ரிங்குகள் மலிவானவை என்றால் ஸ்கோப் நழுவும். அதனால் ஸ்கோப்பில் மிச்சப்படுத்திய காசில் ஒரு பகுதியை நல்ல ரிங்குகளுக்குப் போடுங்கள். 56 மி.மீ. வாய் இங்கேயும் தொல்லைதான். அதற்கு அடாப்டர் பெரிது, ஸ்கோப்பை உயரமாக ஏற்ற வேண்டும், கன்னம் ரைபிளின் கட்டையில் படாது. 40-42 மி.மீ. எல்லா விதத்திலும் எளிது. அடாப்டர் வாங்கும்போது ஸ்கோப் வாயின் வெளி விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் நீங்களே அளந்துகொள்ளுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 40 என்பது கண்ணாடியின் அளவு, குழாயின் அளவு அல்ல.

ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) விஷயத்தில் இனி சொல்வது கணக்கு அல்ல, பழக்கம். வேறு கருத்து உள்ளவர்களும் நன்றாகவே சுடுகிறார்கள். முதல் ஃபோகல் பிளேனில் (ஸ்கோப்புக்குள் முன்பக்கக் குவியத் தளம்) உள்ள ரெட்டிகிள், பெரிதாக்கத்தைக் குறைத்தால் தானும் மெலிந்துவிடும். நாம் இருப்பதோ எப்போதும் 3, 4 மடங்கில். அந்த மெல்லிய கோடு தெர்மல் திரையின் இரைச்சலில் காணாமல் போகும். இரண்டாம் பிளேன் ரெட்டிகிளின் தடிமன் மாறாது, ஆனால் அதன் கீழ்க் குறிகள் பெரும்பாலும் உச்சப் பெரிதாக்கத்தில் மட்டுமே சரியான அளவு காட்டும். பன்றிக்கு அந்தக் குறிகளே தேவையில்லை என்பது என் பக்கம். இரவில் 150 கஜத்துக்கு மேல் நான் சுடுவதில்லை. 100-இல் சீரோ செய்த .308 அந்தத் தூரத்தில் இறங்குவது ஓரிரு அங்குலம்தான். நடுப்புள்ளியை வைத்துச் சுட்டால் போதும். ஆகவே இரண்டாம் பிளேன், தடித்த கோடு, நடுவில் ஒளிரும் புள்ளி. அந்தப் புள்ளியை மிக மங்கலாக்க முடிகிறதா என்று கடையிலேயே இருட்டான மூலையில் பார்த்துவிடுங்கள். குறைந்த அளவிலும் எரிகிற மாதிரி இருந்தால் அது இரவுக்கு ஆகாது. தெர்மலை வெள்ளைச் சூடு நிலையில் வைத்தால் பன்றி வெளுப்பாகத் தெரியும், கறுப்புக் கோடு அதன்மேல் பளிச்சென்று நிற்கும். வெளியே புல்வெளிமேல் வந்ததும் கோடு மறையும். புள்ளி உதவுவது அந்த இடத்தில்தான்.

இப்போது பின்னால் மாட்டும் டிஜிட்டல் வகை. விலை தெர்மலில் சிறு பங்கு. இது ஸ்கோப் வழியாகவே உலகத்தைப் பார்க்கிறது, எனவே மேலே சொன்ன பல விஷயங்கள் தலைகீழாகும். பெரிய முன்கண்ணாடி இங்கே உதவும், 50 மி.மீ. நல்லது. ஃபோகஸ் குமிழ் கட்டாயம், ஏனென்றால் ரெட்டிகிளும் பன்றியும் ஒரே சமயத்தில் கேமராவுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். கேமரா தானும் பெரிதாக்குவதால் இங்கேயும் 3-இல் தொடங்கும் ஸ்கோப்தான் வசதி. இதற்கு இன்ஃப்ராரெட் விளக்கு வேண்டும், 850 அல்லது 940 நானோமீட்டர். 850 தூரம் போகும், ஆனால் விளக்கின் முகத்தில் மங்கிய சிவப்பு தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்கும் குறைவாகத்தான் தெரியும். பன்றிக்குப் பார்வை மட்டம், மூக்குதான் கூர்மை. 850-ஐ அது கண்டுகொண்டு ஓடி நான் பார்த்ததில்லை. கொயோட்டிகள் (நரி போன்ற காட்டுநாய்கள்) சில சமயம் முறைக்கும். விலை உயர்ந்த ஸ்கோப்பின் பூச்சுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்யப்பட்டவை. இன்ஃப்ராரெட்டை அவை எவ்வளவு விடும் என்பது ஸ்கோப்புக்கு ஸ்கோப் மாறும். நடுத்தர விலை ஸ்கோப் ஒன்று அதில் உசத்தியானதை முந்துவதும் உண்டு. அதை மாட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும், திருப்பிக் கொடுக்க வழியுள்ள கடையில் வாங்குங்கள். இன்னொன்று, கருவி உங்கள் கண்ணைப் பின்னால் ஒரு சாண் வரை தள்ளும். கட்டை நீளமான ரைபிளில் கழுத்து நோகும். .308-இன் உதையில் புருவத்தில் அடிபடாமல் ரப்பர்க் கப்பைக் கொஞ்சம் விட்டே பிடியுங்கள்.

ஸ்கோப்பைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. தெர்மல் சூட்டைக் காட்டும். அது என்ன பிராணி என்று சொல்லாது. டெக்சஸில் காட்டுப்பன்றி, 254 கவுண்டிகளில் (மாவட்டங்களில்) 253-இல் இருப்பதாகச் சொல்லப்படும் ஜீவன், வேட்டை விலங்குப் பட்டியலில் வராது. தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு இரவிலும் சுடலாம். மான் அப்படி அல்ல. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்வரைதான். தெற்கிலும் மேற்கிலும் ஹவலீனா என்று ஒன்று உண்டு. தெர்மலில் பார்த்தால் அசல் பன்றிக்குட்டிதான், ஆனால் சட்டப்படி அது வேட்டை விலங்கு, இரவில் தொடக் கூடாது. கன்றுக்குட்டி, பண்ணை நாய், ஆள் என்று மற்றவையும் இருக்கின்றன. கம்பி வேலி தெர்மலில் அநேகமாகத் தெரியாது. பன்றிக்குப் பின்னால் மேடு இருக்கிறதா, பக்கத்துப் பண்ணையின் வீடு இருக்கிறதா என்பதும் சரியாகத் தெரியாது. அதனால் பகலில் ஒருமுறை போய் நிலத்தை நடந்து பார்த்து, எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் கூடாது என்று முடிவு செய்துவிட வேண்டும். தேடுவதற்கு ரைபிள் ஸ்கோப்பைப் பயன்படுத்தாதீர்கள். தெரியாத ஒவ்வொரு சூட்டையும் துப்பாக்கி முனையால் சுட்டிப் பார்ப்பதாகிவிடும் அது. கையில் பிடிக்கும் சின்னத் தெர்மல் ஒன்று தனியாக வேண்டும். பட்ஜெட் இரண்டுக்கும் போதாது என்றால், முதல் வருடம் அதை மட்டும் வாங்கிக்கொண்டு பண்ணைக்காரருக்குக் கண்ணாக உட்காருங்கள் என்பேன். போகும் முன் உள்ளூர் கேம் வார்டனிடம் (வேட்டைச் சட்ட அதிகாரி) ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் இங்கே வழக்கம்.

கடைசியாக உங்கள் விசா. நான் வழக்கறிஞர் அல்ல, ஆனால் இது நம்மவர்கள் பலர் கவனிக்காதது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எச்-1பி போன்ற விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ கையில் வைத்திருக்கக் கூடாது. சில விதிவிலக்குகள் உண்டு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதில் ஒன்று. இங்கேதான் சிக்கல்: 2019 முதல் டெக்சஸில் தனியார் நிலத்தில் பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. நண்பர் அதைச் சொல்லி 'லைசென்ஸ் எல்லாம் வேண்டாம், வா' என்பார். அவருக்கு வேண்டாம், உங்களுக்கு வேண்டும். பன்றிக்காக இல்லை, துப்பாக்கியைத் தொடுவதற்காக. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். டெக்சஸின் வருடாந்திர உரிமம் ஆகஸ்ட் 31-ஓடு முடியும். செப்டம்பரில் பழைய உரிமத்தோடு போகாதீர்கள். உங்கள் நிலைமைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுவது ஸ்கோப்பின் விலையைவிட மலிவு.

கருவிக்கும் இதே கதை உண்டு. மூன்றாம் தலைமுறைக் குழாய்களும் பல தெர்மல் சென்சார்களும் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருபவை. குடிமகன் அல்லது கிரீன் கார்டு உள்ளவருக்கு மட்டுமே விற்கும் கடைகள் பல, எனவே காசு கட்டும் முன் கேளுங்கள். ஊருக்குப் போகும்போது மாமாவின் தோட்டத்தில் காட்டலாம் என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அமெரிக்க அரசின் அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோவதே குற்றம். சென்னையில் சுங்கத்துக்குப் பதில் சொல்வது அதற்கு மேல்.

ஆக, அந்த 5-25×56 வேண்டாம். தெர்மல் கிளிப்-ஆன் என்றால் 3-9×40 அல்லது 2.5-10×42, நல்ல ரிங்குகள், மிச்சப் பணம் கருவிக்கு. பின்னால் மாட்டும் டிஜிட்டல் என்றால் ஃபோகஸ் குமிழோடு 3-12×50 மாதிரி ஒன்று. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கருவியின் லென்ஸ் குவியத் தூரமும் சென்சாரின் பிக்சல் அளவும் தெரிந்தால் இங்கேயே போடுங்கள். எத்தனை மடங்கு வரை தாங்கும் என்று மேலே சொன்ன அதே வகுத்தலைப் போட்டுச் சொல்கிறேன்.